ஒரு பதிலுக்கு எவ்வளவு? கேள்விக்குப் பதில் சொல்லி ஆன்லைனில் சம்பாதிக்க இப்போதும் முடியுமா?

'வீட்டிலிருந்தே வேலை. கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும், தினமும் பணம்.' வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு மெசேஜ் வராத ஆள் இன்று குறைவு. பெரும்பாலானவர்கள் மோசடி என்று தள்ளிவிடுகிறார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் இதே வரிகளில் சொல்லக்கூடிய நிஜமான வேலை ஒன்றும் இருந்தது. பல்லாயிரம் இந்தியப் பட்டதாரிகள் அதில் பல ஆண்டுகள் சம்பாதித்திருக்கிறார்கள். அந்த வேலை இப்போது எங்கே போனது, அதன் இடத்தில் என்ன வந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

சென்னையின் மேற்கு விளிம்பில், ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில் இருக்கும் சேக்காடு மாதிரியான பகுதிகளில் இந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம். ஒரு பக்கம் ஆவடியின் பாதுகாப்புத் துறை ஆலைகள். இன்னொரு பக்கம் பட்டாபிராம் இந்து கல்லூரி. சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள். 330 கோடி ரூபாயில் 21 மாடிகளுடன் கட்டப்பட்டு 2024 நவம்பர் 22-ம் தேதி திறக்கப்பட்ட டைடல் பார்க்கும் பக்கத்தில்தான். படித்தவர்களுக்குக் குறைவே இல்லை. குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட எம்.எஸ்சி. பட்டதாரி, இன்டர்வியூக்களுக்கு நடுவே காத்திருக்கும் பி.இ. மாணவர், சம்பளம் போதாத தனியார் பள்ளி ஆசிரியை... சென்ட்ரல் வரை ரயிலேறிப் போய்வராமல் வீட்டிலேயே ஒரு சைடு இன்கம் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

பதிலுக்குக் காசு: யார் ஆரம்பிச்சது?

இந்த யோசனை புதுசு இல்லை. கூகுள் நிறுவனமே 2002-ல் 'கூகுள் ஆன்சர்ஸ்' என்ற சேவையைத் தொடங்கியது. கேள்வி கேட்பவர் 2 டாலரிலிருந்து 200 டாலர் வரை தானே விலை சொல்லலாம். கூகுள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஆராய்ச்சியாளர்கள் பதில் எழுதுவார்கள், தொகையில் 75 சதவீதம் அவர்களுக்கு. 2006 கடைசியில் அதை இழுத்து மூடினார்கள். கோரா தளம் 2018-ல் ஒரு பார்ட்னர் திட்டம் கொண்டுவந்தது. அதில் ஒரு வேடிக்கை: காசு பதில் சொல்பவருக்குக் கிடையாது, கேள்வி கேட்பவருக்கு! மணிக்கணக்கில் உட்கார்ந்து பதில் எழுதியவர்கள் எவ்வளவு கடுப்பாகியிருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

இந்தியாவில் இதைத் தொழிலாக நிறுவியது கல்வித் துறைதான். 2005-ல் பெங்களூரில் தொடங்கிய டியூட்டர்விஸ்டா, அமெரிக்க மாணவர்களுக்கு இங்கிருந்து இணையம் வழியே டியூஷன் எடுத்தது. பிறகு அது பியர்சன் கைக்குப் போய், 2017-ல் பைஜூஸிடம் வந்து சேர்ந்தது. ஆனால் 'ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு தொகை' என்ற கணக்கைப் பெரிய அளவில் நடத்தியது செக் நிறுவனம். (பேங்கில் போடும் செக் இல்லை. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஒரு கம்பெனியின் பெயர்.)

அமெரிக்கக் கல்லூரி மாணவர் மாதம் 14.95 டாலர் சந்தா கட்டுவார். 2021-ல் நம் மதிப்பில் சுமார் 1,100 ரூபாய். கணக்கு, இயற்பியல், வேதியியல், பொறியியல், அக்கவுன்டிங் என எதில் மாட்டிக்கொண்டாலும் கேள்வியைப் போட்டோ எடுத்துப் போடலாம். இந்தியாவில் இருக்கும் 'எக்ஸ்பர்ட்' ஒருவர் படிப்படியாகத் தீர்வு எழுதி அனுப்புவார். சில சமயம் 15 நிமிடத்துக்குள்ளேயே பதில் போய்விடும். 70,000-க்கும் அதிகமான எக்ஸ்பர்ட்கள் இந்தியாவில் இருந்ததாக 2021-ல் ஃபோர்ப்ஸ் இதழ் எழுதியது. இவர்கள் யாரும் ஊழியர்கள் இல்லை. பாடத்தில் ஒரு தேர்வு, விதிமுறைகளில் ஒரு தேர்வு எழுதிப் பாஸானால் கணக்கு திறக்கும். சம்பளம் கிடையாது, பிஎஃப் கிடையாது, எழுதிய பதிலுக்கு மட்டும் பணம்.

சரி, நிஜமா எவ்ளோ கிடைக்கும்?

தொகை பாடத்துக்குப் பாடம் மாறும், காலத்துக்குக் காலம் மாறும். அதனால் கணக்குப் போட வசதியாக ஒரு பதிலுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது நேரத்தைப் பார்க்கலாம். கேள்வியைப் படித்து, தீர்வு போட்டு, சமன்பாடுகளை டைப் செய்து, படம் வரைந்து முடிக்க 25, 30 நிமிடம். தெரியாத கேள்வி வந்தால் விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்குக் காசு இல்லை. மாணவர் பதில் பிடிக்கவில்லை என்று குறி போட்டாலோ, சரிபார்ப்பில் தவறு என்று வந்தாலோ ரேட்டிங் சரியும். ரேட்டிங் ரொம்ப இறங்கினால் கணக்கே போய்விடும். நான்கு மணி நேரம் உட்கார்ந்து ஏழு பதில் எழுதி, அதில் ஆறு தேறியது என்றால் 600 ரூபாய். மணிக்கு 150. பதிலுக்கு 100 என்று விளம்பரத்தில் படிப்பதும் மணிக்கு 150 என்று கையில் வருவதும் மனசுக்குள் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை.

நேரம் இன்னொரு தலைவலி. அமெரிக்க மாணவர் ஹோம்வொர்க்குக்கு உட்காருவது ராத்திரியில். நியூயார்க்கில் இரவு 9 மணி என்றால் இங்கே கோடையில் காலை 6.30, குளிர்காலத்தில் 7.30. கலிஃபோர்னியாவில் 9 மணி என்றால் நமக்குக் காலை 9.30 அல்லது 10.30. அதாவது கேள்விகள் கொட்டும் நேரமும், குக்கர் விசில் அடித்து லன்ச் பாக்ஸ் கட்டி பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றும் நேரமும் ஒன்று. 'வீட்டு வேலையோடு சேர்த்துச் செய்யலாம்' என்று இதை விற்றவர்கள் காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டின் அடுப்படியைப் பார்த்திருக்க மாட்டார்கள். சீசனும் உண்டு. டிசம்பர் முதல் பாதியிலும், ஏப்ரல் கடைசி முதல் மே நடுப்பகுதி வரையிலும் அங்கே பரீட்சை, அப்போது வேலை குவியும். ஜூன், ஜூலையில் கல்லூரி விடுமுறை, வரிசை காய்ந்துவிடும். மாதத் தவணை கட்ட இதை நம்பியவர்களுக்கு ஜூன் மாதம் இங்கே ஸ்கூல் ஃபீஸ் கட்டும் மாதமாக வந்து நிற்கும்.

ஒரு தடவை எழுதியது, எத்தனை தடவை விற்றது?

கம்பெனியின் லாபம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் இந்த வேலையின் அடிமடி புரியும். 14.95 டாலர் கட்டிய மாணவர் மாதம் 20 கேள்வி வரை கேட்கலாம். எல்லோரும் இருபதையும் கேட்டுவிட்டால் ஒரு கேள்விக்குக் கம்பெனிக்கு வருவது 75 சென்ட்கூட இல்லை, அன்றைய மதிப்பில் 55 ரூபாய்க்குள். அதில் எக்ஸ்பர்ட்டுக்கு 100 ரூபாய் கொடுத்தால் கட்டுப்படியாகாது. அப்படியும் ஓடியது எப்படி? பெரும்பாலான மாணவர்கள் புதுக் கேள்வி கேட்கத் தேவையே இருக்கவில்லை. அதே புத்தகம், அதே பயிற்சி, அதே கேள்வி. போன வருடம் யாரோ கேட்டு, இந்தியாவில் யாரோ எழுதிய பதில் தேடினால் கிடைத்தது. 2021-ல் அப்படி 4.6 கோடி கணக்குகளும் தீர்வுகளும் செக் கிடங்கில் இருந்தன.

எழுதியவருக்குக் காசு ஒரு முறை. அந்தப் பதிலை ஆயிரம் பேர் திறந்து பார்த்தாலும் அடுத்த பைசா கிடையாது. ஒவ்வொரு பதிலும் கிடங்கில் ஏறும்போது, அந்தக் கேள்வியை இனி யாரும் புதிதாகக் கேட்கப் போவதில்லை. எக்ஸ்பர்ட்கள் நன்றாக வேலை செய்யச் செய்ய அவர்களுக்கான வேலை குறையும் அமைப்பு இது. நெசவுக்கும் பீடிக்கும் பீஸ் ரேட் கணக்கு நமக்குப் பழக்கம்தான். ஆனால் ஒருமுறை சுற்றிய பீடியை ஆயிரம் பேர் புகைக்க முடியாது.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. கொரோனா காலத்தில் பரீட்சைகள் ஆன்லைனுக்கு மாறியபோது, தேர்வு நடந்துகொண்டிருக்கும் நேரத்திலேயே கேள்விகள் இந்தத் தளத்துக்கு வந்தன. 2020-ல் பாஸ்டன் பல்கலைக்கழகம் இப்படி மாணவர்கள் காப்பி அடித்தார்களா என்று விசாரணை நடத்தியது. தளத்தின் பெயரே அமெரிக்க மாணவர் பேச்சில் காப்பிக்கு வினைச்சொல்லாகிவிட்டது. பல்கலைக்கழகம் புகார் கொடுத்தால் விவரம் தருவோம் என்பது கம்பெனியின் நிலை. காசு வாங்கிக்கொண்டு மாணவரின் வேலையைச் செய்து தருவதற்கு ஆஸ்திரேலியா 2020-லும், இங்கிலாந்து 2022-லும் சட்டத் தடை கொண்டுவந்தன. இங்கே விடிகாலையில் உட்கார்ந்து தீர்வு எழுதியவருக்கு, அந்தப் பக்கம் இருப்பது வீட்டுப்பாடமா பரீட்சை ஹாலா என்று தெரிய வழியில்லை. ஆனால் 'அசைன்மென்ட் முழுசா எழுதித் தாங்க' என்று டெலிகிராமில் வரும் ஆர்டர்களுக்கு இந்தச் சாக்கு பொருந்தாது.

ஒரே நாளில் பாதி

2022 நவம்பர் 30-ம் தேதி சாட்ஜிபிடி வந்தது. 2023 மே தொடக்கத்தில் செக் தலைமைச் செயல் அதிகாரி டான் ரோசன்ஸ்வெய்க், மார்ச் மாதத்திலிருந்து புதிய சந்தாதாரர் வளர்ச்சியை சாட்ஜிபிடி பாதிக்கிறது என்று முதலீட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டார். மறுநாள், மே 2-ம் தேதி, பங்கு விலை 48 சதவீதம் விழுந்தது. 2021 பிப்ரவரியில் 110 டாலரைத் தாண்டி விற்ற பங்கு, 2024 நவம்பரில் 2 டாலருக்கும் கீழே போனது. ஆட்குறைப்பு வரிசையாக வந்தது: 2024 ஜூனில் 441 பேர், நவம்பரில் 319 பேர், 2025 மே மாதம் 248 பேர், அக்டோபரில் 388 பேர். கடைசி எண்ணிக்கை மிச்சமிருந்த ஊழியர்களில் 45 சதவீதம். நடுவில் 2025 பிப்ரவரியில் கூகுள் மீது வழக்கும் போட்டார்கள். தேடல் பக்கத்திலேயே ஏஐ பதில் காட்டி, தங்கள் தளத்துக்கு வரும் ஆட்களைக் கூகுள் தடுக்கிறது என்பது புகார்.

இந்த எண்ணிக்கையில் எக்ஸ்பர்ட்கள் வரமாட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களை யாரும் வேலையைவிட்டு அனுப்பவில்லை, அனுப்ப அவசியமும் இல்லை. கேள்வி வருவது குறைந்தால் போதும். நோட்டீஸ் கிடையாது, செட்டில்மென்ட் கிடையாது, செய்தியிலும் பெயர் வராது.

இப்போ வேலை எங்கே இருக்கு?

மனிதர்கள் மனிதர்களுக்குப் பதில் சொன்ன வேலை சுருங்கியபோது, மனிதர்கள் மெஷினுக்குப் பதில் சொல்லித்தரும் வேலை பெருகியது. ஏஐ கொடுத்த இரண்டு பதில்களில் எது மேல் என்று காரணத்தோடு எழுதுவது, கணக்கில் எந்தப் படியில் தவறு என்று காட்டுவது, அது தடுமாறும் மாதிரி கடினமான கேள்வி தயாரித்து மாதிரிப் பதிலும் எழுதுவது. இந்த வேலைகளைத் திரட்டித் தரும் அமெரிக்க நிறுவனங்களில் முக்கியமானது ஸ்கேல் ஏஐ. அதன் 'அவுட்லியர்' தளம் தமிழ் உட்பட பல இந்திய மொழிகளுக்கு ஆள் எடுத்தது. இந்தச் சந்தையின் அளவுக்கு ஒரு அடையாளம்: 2025 ஜூனில் ஸ்கேல் ஏஐயின் 49 சதவீதப் பங்குக்கு மெட்டா 1,400 கோடி டாலருக்கும் மேல் கொடுத்தது.

ஆங்கிலத்தில் ஹோம்வொர்க் போட உலகம் முழுக்க ஆள் கிடைக்கும். ஆனால் 'சாப்பிட்டாச்சா', 'சாப்டீங்களா', 'சாப்ட்டியாடா' மூன்றையும் யார் யாரிடம் சொல்வார்கள் என்று மெஷினுக்குச் சொல்லித்தர தமிழ் வீட்டில் வளர்ந்தவர்தான் வேண்டும். போட்டிக்கு வரக்கூடியவர்கள் குறைவு என்பதால் பேரம் பேசும் பலம் கொஞ்சம் கூடுதல். ஆனால் இதிலும் வேலை திட்டம் திட்டமாகத்தான் வரும். இரண்டு வாரம் பிசியாக இருந்து, மூன்றாவது வாரம் திரையில் ஒன்றுமே இல்லாமல் போகலாம். பழைய சிக்கலும் அப்படியே தொடர்கிறது: சொல்லிக்கொடுத்ததை மெஷின் கற்றுக்கொண்டால், சொல்லிக்கொடுத்தவருக்கு அடுத்த வேலை எங்கே?

இதற்கு மாற்று வழி தேடிய இந்திய முயற்சி ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவிலிருந்து பிரிந்து வந்த 'கார்யா' என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, கிராமப்புற மக்களிடம் கன்னடம் போன்ற மொழிகளில் பேச்சுப் பதிவுகளை வாங்குகிறது. மணிக்கு சுமார் 5 டாலர் என்ற கணக்கில் பணம் தருகிறது. அதைவிட முக்கியம், அந்தப் பதிவு மறுபடி விற்றால் பேசியவருக்கு மறுபடி பங்கு போகும். எழுதியவருக்கு ஒரே முறை காசு என்ற விதி மாற்றவே முடியாத ஒன்று இல்லை என்பதற்கு இது போதுமான சாட்சி. எடுப்பது சின்ன அளவில்தான் நடக்கிறது, அது வேறு.

மோசடி எந்த இடத்தில் பிரிகிறது?

நிஜமான வேலையில் நுழைவது கஷ்டம், அதாவது தேர்வு வைப்பார்கள், பட்டச் சான்றிதழ் கேட்பார்கள், பல பேரைத் திருப்பி அனுப்புவார்கள். மோசடியில் நுழைவது சுலபம், வெளியே வருவதுதான் கஷ்டம். முதலில் வீடியோவுக்கு லைக், ஹோட்டலுக்கு ரிவ்யூ, நாலு கேள்விக்குப் பதில் என்று ஏதோ ஒன்று. உடனே நூறு, இருநூறு ரூபாய் நிஜமாகவே கணக்கில் விழும். அந்தப் பணம்தான் தூண்டில். அடுத்து டெலிகிராம் குரூப், அதில் 'எனக்கு 40 ஆயிரம் வந்துச்சு' என்று ஸ்கிரீன்ஷாட் போடும் ஆட்கள், அவர்களும் அதே கும்பல். பிறகு 'ப்ரீபெய்டு டாஸ்க்': ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு. திரையில் பேலன்ஸ் ஏறிக்கொண்டே போகும், எடுக்கப் போனால் வரி கட்டு, டெபாசிட் கட்டு என்பார்கள்.

பதில் சொன்னதற்குச் சம்பளம் தருபவர் உங்களிடம் ஏன் பணம் கேட்க வேண்டும்? இந்த ஒரு கேள்வி போதும். ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், டிரெயினிங் ஃபீஸ், ஐடி கார்டு ஃபீஸ், பெயர் எதுவானாலும் சரி.

இன்னும் இரண்டு பொறிகளைப் பலர் பொறியாகவே பார்ப்பதில்லை. ஒன்று, தேர்வில் பாஸான எக்ஸ்பர்ட் கணக்கை விலைக்கோ வாடகைக்கோ வாங்குவது. பணம் போவது கணக்கின் சொந்தக்காரருக்கு, அவர் போனை எடுக்காமல் விட்டால் ஒரு மாத உழைப்பும் காலி, புகார் கொடுக்கவும் முகம் இருக்காது. இன்னொன்று, 'உங்க பேங்க் அக்கவுன்டை மட்டும் கொடுங்க, கமிஷன் தர்றோம்' என்பது. வேறு யாரிடமோ ஏமாற்றிய பணம் அந்த வழியாகப் போனால், போலீஸ் முதலில் வந்து நிற்பது அக்கவுன்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில்.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்கிவைக்க அந்த முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். சேக்காடு 2022 ஜனவரி 1 முதல் செயல்படும் ஆவடி போலீஸ் கமிஷனரேட்டின் எல்லையில் வருகிறது, நேரில் போவதானால் அங்குள்ள சைபர் கிரைம் பிரிவுக்குப் போகலாம்.

வரி, வேலை விதி, சட்டம்

சின்னத் தொகைதானே என்று வருமான வரியை விட்டுவிடுபவர்கள் தங்கள் பணத்தைத்தான் இழக்கிறார்கள். இந்தியாவில் பதிவான நிறுவனம் தொழில்முறைக் கட்டணமாகத் தரும்போது, ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும் ரிட்டர்ன் போட்டால்தான் அது திரும்பி வரும். வெளிநாட்டுத் தளத்திலிருந்து வந்தாலும் அது வருமானம்தான், ரிட்டர்னில் காட்டியாக வேண்டும்.

ஆவடி வட்டாரத்தில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் நிறுவனங்களாக மாறியபோது, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை ஏவிஎன்எல் கீழ் வந்தது. ஆனால் அப்போது பணியில் இருந்தவர்கள் மத்திய அரசு ஊழியர்களாகவே மாற்றுப் பணியில் தொடர்ந்தார்கள். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள்படி முன் அனுமதி இல்லாமல் வெளி வேலை பார்க்க முடியாது. குடும்பத்தில் ஒருவர் தொழிலோ வியாபாரமோ செய்தால் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஐடி கம்பெனிகளில் இதற்கு வேலை ஒப்பந்தமே விடை. 2022 செப்டம்பரில் போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி சொன்னது பலருக்கு நினைவிருக்கும். பழைய எக்ஸ்பர்ட் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு டைடல் பார்க்கில் புது வேலைக்குச் சேர்பவர், ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

பாதுகாப்பு என்று பார்த்தால், சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இதில் கிக் தொழிலாளர், பிளாட்ஃபார்ம் தொழிலாளர் இருவருக்கும் சட்ட வரையறை உண்டு. ஆள் திரட்டும் நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் நலநிதிக்குத் தர வேண்டும். அந்தப் பட்டியலில் டாக்ஸி, உணவு டெலிவரியோடு 'தொழில்முறைச் சேவை' தளங்களும் இருக்கின்றன. எழுத்தளவில் பார்த்தால் பதில் எழுதுபவருக்கும் இதில் இடம் இருக்கிறது. ஆனால் ஸ்விக்கி டி-ஷர்ட் போட்டவரைத் தெருவில் பார்க்க முடியும், அவர்கள் கூடி ஸ்டிரைக் செய்தால் இரவுச் சாப்பாடு வராது. சேக்காட்டில் ஒரு வீட்டு மாடியில் காலை ஏழு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து வைத்து, கேள்வி வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதே வேலையைச் செய்யும் இன்னொருவரின் பெயர்கூடத் தெரியாது. கம்பெனியின் தலைமையகம் வேறு நாட்டில் இருந்தால், அந்த 1 சதவீதத்தை யாரிடம் வசூலிப்பது என்பதும் இனிமேல்தான் தெரிய வேண்டும்.